திருக்கேதீஸ்வரம் போகும் வானுக்கு எல்.ஈ.டி வெளிச்சம்: பழைய குமிழ்களை மாற்ற முன் அறிந்திருக்க வேண்டியவை

மாசிச் சிவராத்திரி நெருங்கும்போது யாழ்ப்பாணத்திலிருந்து பூநகரி ஊடாக வரும் ஏ-32 வீதியிலும், வவுனியாப் பக்கமிருந்து வரும் மதவாச்சி வீதியிலும் வான்கள் ஒன்றன் பின் ஒன்றாக மன்னாரை நோக்கி வரும். மாந்தைச் சந்தியில் திரும்பித் திருக்கேதீஸ்வரம் போகும் இந்தச் சனம் அன்றிரவே திரும்புவதில்லை. பாலாவியில் தண்ணீர் அள்ளி மகாலிங்கத்துக்குத் தாங்களே வார்த்து, நான்கு சாமப் பூசையும் பார்த்து, விடிந்த பிறகுதான் புறப்படுவார்கள். மடங்களில் இடம் கிடைக்காத குடும்பங்களுக்கு அந்த ஒரு இரவு வான்தான் வீடு. பிள்ளைகள் பின் இருக்கையில் உறங்குவார்கள். வயது போனவர்கள் முன் இருக்கையைச் சரித்துக்கொண்டு படுப்பார்கள். சாப்பாட்டுப் பாத்திரங்கள் கதவடியில் இருக்கும். ஆவணியில் மடுத் திருவிழாவுக்குப் போகிறவர்களுக்கும் இதே கதைதான்.

இந்த வான்களில் பெரும்பாலானவை பழையவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறக்க 2025 பெப்ரவரி ஆனது. அந்த ஐந்து வருடங்களில் புதிய வான் வாங்க நினைத்தவர்களும் பழைய ஹைஏஸ், கரவான், ரவுன்ஏஸ் வான்களையே திருத்தித் திருத்தி ஓடினார்கள். இறக்குமதி திறந்த பிறகும் விலையைக் கேட்டுப் பலர் திரும்பிவிட்டார்கள். ஆகவே இருபது, முப்பது வருடம் ஓடிய வானில் இழைக் குமிழும் 12 வோல்ற் ரியூப் லைற்றும் இன்னமும் எரிந்துகொண்டிருக்கின்றன. இரவு முழுவதும் அவற்றை எரியவிட்டால் காலையில் சாவியைத் திருப்பும்போது 'டக்' என்ற சத்தம் மட்டும்தான் வரும். பிறகு தள்ள ஆள் தேட வேண்டும்.

மன்னார்ப் பக்கம் வாகன மின்வேலை செய்கிறவன் என்ற முறையில், சிவராத்திரிக்கு முந்திய வாரங்களில் நான் அதிகம் கேட்கும் கேள்வி ஒன்று: "உள்ளுக்கு இருக்கிற லைற்றை எல்.ஈ.டிக்கு மாத்தலாமோ?" மாற்றலாம். அதற்குரிய கணக்கையும் முறையையும், கை வைக்கக் கூடாத இடங்களையும் கீழே எழுதுகிறேன். ஐரோப்பாவில் கோடை விடுமுறைக்குக் கெம்பர் வான் எடுத்துக்கொண்டு போகும் எங்கள் உறவுகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

வெளிச்சத்தின் விலை

வெளிச்சத்துக்கு விலை இருக்கிறது என்பதை எங்கள் சனத்துக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 1990களில் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் எட்டாத விலைக்குப் போனது. டோர்ச்சுக்குப் போடும் பற்றரிகூட உள்ளே வர விடப்படவில்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் கொஞ்சம் எண்ணெயும் விட்டு, சிறிய திரியைக் கொளுத்தி, அதன் முன்னால் இருந்து படித்துப் பரீட்சை எழுதியவர்கள் இன்று பொறியியலாளர்களாக இருக்கிறார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட வீடுகளும் இருந்தன. பிறகு 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு வந்தபோது, தெற்கில் பலர் முதல் தடவையாக அந்த இருட்டைப் பார்த்தார்கள். வன்னிச் சனத்துக்கு அது பழகிய இருட்டு.

எல்.ஈ.டியின் கதையும் அந்தக் காலத்தோடு ஒட்டியதுதான். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.ஈ.டி 1962இல் செய்யப்பட்டது. ஆனால் வெள்ளை வெளிச்சத்துக்கு நீல நிற எல்.ஈ.டி தேவைப்பட்டது. அதை யப்பானில் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கி முடித்தார்கள். அதற்காக அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டு பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் இருந்த அதே வருடங்களில்தான் அந்த வேலை நடந்திருக்கிறது.

முதலில் கணக்கு

ஒரு பழைய வானின் உள்ளே கூரையில் 10 வாற் இழைக் குமிழ் மூன்றும், 8 வாற் ரியூப் லைற் இரண்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 46 வாற். அதை 12 வோல்ற்றால் பிரித்தால் ஏறக்குறைய 3.8 அம்பியர். மாலை 6 மணியிலிருந்து காலை 6 மணிவரை 12 மணி நேரம் எரிந்தால் 46 அம்பியர்-மணி செலவாகும்.

வானில் இருப்பது 70 அம்பியர்-மணிப் பற்றரி என்றால் போதும்தானே என்று தோன்றும். போதாது. வாகனப் பற்றரி ஈய-அமில வகை. எஞ்சினை ஸ்ராட் பண்ண ஒரு சில விநாடிக்கு மிகப் பெரிய மின்னோட்டம் கொடுப்பதற்காகச் செய்யப்பட்டது. அதைப் பாதிக்குக் கீழே இறக்கினால் காலையில் ஸ்ராட் வராது என்பதோடு பற்றரியின் ஆயுளும் குறையும். ஆகவே 70இல் பாவிக்கக்கூடியது 35 மட்டும். பற்றரி மூன்று வருடம் பழையது என்றால் அதுவும் இராது.

அதே ஐந்து இடத்திலும் எல்.ஈ.டி போட்டால், ஒவ்வொன்றும் சராசரி 2 வாற் என்று எடுத்தால் மொத்தம் 10 வாற். மின்னோட்டம் 0.8 அம்பியரை ஒட்டி வரும். 12 மணி நேரத்துக்கு 10 அம்பியர்-மணி. வெளிச்சம் குறையாது, பற்றரியில் பெரும்பகுதி மிஞ்சும்.

காரணம் எளியது. இழைக் குமிழ் வாங்கும் மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதியை வெப்பமாக விட்டுவிடுகிறது. 10 வாற் இழைக் குமிழ் 100 லூமனை ஒட்டித்தான் வெளிச்சம் தரும். ஒன்றரை வாற் நல்ல எல்.ஈ.டி அதே அளவைத் தரும். வெப்பம் குறைவதும் சிறிய விடயமில்லை. பங்குனி, சித்திரை மாதத்து மன்னார் வெக்கையில் மூடிய வானுக்குள் எட்டுப் பேர் இருக்கும்போது, தலைக்கு மேலே கொதிக்கும் குமிழ் இல்லாமல் இருப்பதே ஆறுதல்.

ஒன்றை மறக்க வேண்டாம். லைற்றை மாற்றிவிட்டோம் என்று நான்கு கைத்தொலைபேசியும் ஒரு 12 வோல்ற் விசிறியும் இரவு முழுவதும் கொளுவினால் கணக்குத் திரும்பவும் பழைய இடத்துக்கே வரும். ஒரு தொலைபேசி சார்ஜ் ஏறும்போது எடுப்பது, எல்லா எல்.ஈ.டியும் சேர்ந்து எடுப்பதற்குக் கிட்ட வரலாம்.

உங்கள் வானில் இருப்பது எந்தக் குமிழ்?

கடைக்குப் போக முன் பழைய குமிழைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள். பெயர் சொல்லிக் கேட்பதைவிட அது பாதுகாப்பு. வானுக்குள் பொதுவாகக் காணப்படுபவை இவை:

நீள்குழல் குமிழ். இரண்டு பக்கமும் கூம்பு போன்ற உலோகத் தொப்பி இருக்கும். கூரை விளக்கில் இதுதான் அதிகம். 31, 36, 41 மில்லிமீற்றர் என்று பல நீளங்களில் வரும். நீளம் பிழைத்தால் கிளிப்பில் பிடிக்காது, அல்லது கிளிப்பை வளைத்து உடைக்கும்.

ரி-10 என்று கடையில் சொல்லும் ஆப்புக் குமிழ். அடிப்பகுதி தட்டையான கண்ணாடியாக இருக்கும், திருக வேண்டியதில்லை. கதவு விளக்கு, படி விளக்கு, இலக்கத்தகட்டு விளக்கு போன்ற இடங்களில் இருக்கும்.

பக்கத்தில் இரண்டு சிறு முளை உள்ள, அழுத்தித் திருப்பும் குமிழ். அடியில் ஒரு புள்ளி இருந்தால் ஒற்றை இழை, இரண்டு புள்ளி இருந்தால் இரட்டை இழை.

12 வோல்ற் ரியூப் லைற். இதற்குள் ஒரு சிறிய மின்சுற்று இருக்கும். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் வானின் வோல்ற்றளவை உறுதிப்படுத்துங்கள். வான்கள் பெரும்பாலும் 12 வோல்ற். லொறிகளும் பெரிய பஸ்களும் பொதுவாக 24 வோல்ற். 12 வோல்ற் குமிழை 24இல் போட்டால் அந்தக் கணமே போய்விடும்.

12 வோல்ற் என்பது 12 வோல்ற் இல்லை

மலிவான எல்.ஈ.டி ஒரே மாதத்தில் கருகுவதற்குப் பெரிய காரணம் இதுதான். நன்றாகச் சார்ஜ் ஏறி ஓய்ந்திருக்கும் பற்றரி 12.6 வோல்ற் காட்டும். எஞ்சின் ஓடும்போது அது 13.8 முதல் 14.4 வரை ஏறும். பழைய வானில் ஓல்ரனேற்றரின் ரெகுலேற்றர் களைத்திருந்தால் இன்னும் மேலே போகும்.

இழைக் குமிழ் இதைத் தாங்கும். எல்.ஈ.டி அப்படியில்லை. சாதாரண 12 வோல்ற் எல்.ஈ.டிப் பட்டியில் மூன்று எல்.ஈ.டியும் ஒரு தடையும் தொடராக இருக்கும். மூன்று எல்.ஈ.டியும் சேர்ந்து ஒன்பது, ஒன்பதரை வோல்ற்றை எடுக்க, மிச்சம் தடையில் விழும். வோல்ற்றளவு 12இலிருந்து 14.4க்கு ஏறினால் அந்த மேலதிக வோல்ற் கிட்டத்தட்ட முழுவதும் தடையின் மேல்தான் விழும். அதனால் மின்னோட்டம் ஒன்றரை மடங்குக்கும் மேலே போகும். கொஞ்ச நாள் பளிச்சென்று எரியும், பிறகு ஒவ்வொரு துண்டாக மங்கும்.

ஆகவே பெட்டியில் 10 முதல் 30 வோல்ற் வரை என்று அகன்ற வீச்சு எழுதப்பட்ட குமிழைக் கேட்டு வாங்குங்கள். அதற்குள் மின்னோட்டத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் சுற்று இருக்கும். விலை சற்றுக் கூட. பட்டி போடுவதானால் 12 வோல்ற்றை நிலையாகக் கொடுக்கும் சிறிய ரெகுலேற்றர் ஒன்றை முன்னால் போடுங்கள்.

கடையிலேயே இன்னொரு சோதனையும் செய்யலாம். குமிழை எரியவிட்டு, அருகில் வானொலியைப் போட்டுப் பாருங்கள். இரைச்சல் கேட்டால் உள்ளே இருக்கும் சுற்றுத் தரமற்றது. கைத்தொலைபேசிக் கமெராவில் வரி வரியாகத் துடித்தாலும் அதை விட்டுவிட்டு வேறு பாருங்கள்.

நிறம்: இதை யோசித்து வாங்குங்கள்

எல்.ஈ.டிப் பெட்டியில் கெல்வின் என்று ஒரு எண் இருக்கும். 2700, 3000 என்றால் இழைக் குமிழ் போன்ற மஞ்சள் கலந்த வெளிச்சம். 6000, 6500 என்றால் நீலம் கலந்த கடும் வெள்ளை. பலர் "பளிச்செண்டு இருக்கட்டும்" என்று 6500ஐக் கேட்பார்கள். சாமான் தேட அது நல்லது. உறங்கும் இடத்துக்கு நான் போடுவதில்லை.

நீலம் கூடிய வெளிச்சம் நித்திரையைக் குழப்பும். பூச்சிகளையும் அதிகம் இழுக்கும். பாலாவிக் கரையிலோ வயலோரத்திலோ கதவைத் திறந்து வைத்திருப்பவர்களுக்கு அது தெரியும். இவற்றைவிட முக்கியமான காரணம் ஒன்றும் எங்களுக்கு உண்டு. இருட்டில் திடீரென்று விழும் கடும் வெள்ளை வெளிச்சம் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. பரா வெளிச்சம் வானத்தில் தொங்கிய இரவுகளைக் கடந்து வந்தவர்கள் எங்கள் வான்களில் இருக்கிறார்கள். கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் வெள்ளையில் அவர்கள் திடுக்கிட்டு எழும்புவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் படுக்கும் பகுதிக்கு மஞ்சள் வெளிச்சமும், கூட்டிக் குறைக்கக்கூடிய சுவிச்சும் போடச் சொல்லி நானாகவே சொல்வேன். செலவு பெரிதில்லை.

இன்னொன்று படி விளக்கு. பொய்க்கால் போட்டவர்கள், முழங்கால் நோவுள்ள வயதானவர்கள் இரவில் இறங்க வேண்டி வந்தால் கூரையில் இருக்கும் வெளிச்சம் அவர்களுக்கு உதவாது. அவர்களின் நிழலே படியை மறைத்துவிடும். படியோரத்தில், முழங்காலுக்குக் கீழே, அரை வாற் எல்.ஈ.டி ஒன்று போதும். இரவு முழுவதும் எரிந்தாலும் அரை அம்பியர்-மணிதான் செலவு. விழாமல் இறங்கலாம், மற்றவர்களின் நித்திரையும் குழம்பாது. வானில் ஒரேயொரு லைற்றை மட்டும் போடக் காசு இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், இதைத்தான் போடச் சொல்வேன்.

மாற்றும் முறை

முதலில் எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுங்கள். பற்றரியின் மைனஸ் முனையை முதலில் கழற்றுங்கள். திரும்பப் பூட்டும்போது மைனஸைக் கடைசியாகப் பூட்டுங்கள். பிளஸை முதலில் கழற்றப் போய், சாவி வானின் உடலில் தட்டினால் பெரிய பொறி பறக்கும்.

சற்று முன் எரிந்த இழைக் குமிழையோ ஹலோஜனையோ வெறுங்கையால் தொட வேண்டாம். ஆற விடுங்கள்.

மூடியைத் தட்டையான கருவியால் ஒரு பக்கமாக மெதுவாக நெம்புங்கள். பழைய பிளாஸ்ரிக் வெய்யிலில் உலர்ந்திருக்கும், அவசரப்பட்டால் உடையும்.

குமிழைக் கழற்றியதும் ஹோல்டரைப் பாருங்கள். மன்னார்க் காற்றில் உப்பு இருக்கிறது. கடலும் உப்பளமும் பக்கத்தில். செம்புத் தொடுமுனைகளில் பச்சைக் களிம்பும், இரும்பில் கறளும் பிடித்திருக்கும். இழைக் குமிழ் இழுக்கும் பெரிய மின்னோட்டம் அந்தக் களிம்பையும் மீறி எரிய வைத்திருக்கலாம். எல்.ஈ.டி எடுக்கும் சிறிய மின்னோட்டத்துக்குத் தொடுமுனை சுத்தமாக இருக்க வேண்டும். மெல்லிய அரத்தாளால் உரசி, துடைத்து, மிக மெல்லிதாக வாசலின் பூசுங்கள். புதிதாக மாற்றிய எல்.ஈ.டி விட்டுவிட்டு எரிகிறது என்று என்னிடம் வருபவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மருந்து இதுதான்.

எல்.ஈ.டியைப் போட்டு, பற்றரியை இணைத்து, சுவிச்சைத் தட்டுங்கள். எரியவில்லை என்றால் பழுது என்று எறிய வேண்டாம். இழைக் குமிழுக்குப் பக்கம் இல்லை, எல்.ஈ.டிக்கு உண்டு. கழற்றி மறுபக்கமாகத் திருப்பிப் போடுங்கள். பெரும்பாலும் எரியும்.

அணைத்த பிறகும் மெல்லிதாக மினுங்கினால் பயப்பட வேண்டாம். பல யப்பானிய வான்களில் கூரை விளக்கின் மைனஸ் வயர் கதவுச் சுவிச் வழியாகத்தான் வானின் உடலுக்குப் போகிறது. அந்தச் சுற்றில் கசியும் மிகச் சிறிய மின்னோட்டம் இழையைச் சூடாக்காது. எல்.ஈ.டியை மினுக்கப் போதும். கதவுச் சுவிச்சில் ஈரமும் உப்பும் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

புதிதாக வயர் இழுக்கிறீர்கள் என்றால் பற்றரிக்குக் கிட்டவே 3 அம்பியர் பியூஸ் ஒன்று போடுங்கள். பியூஸ் வயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. அது பற்றரியிலிருந்து தூரத்தில் இருந்தால், இடையில் உள்ள வயர் எங்காவது உராய்ந்து உடலில் தொடும்போது தடுக்க எதுவும் இருக்காது. ஆட்கள் உறங்கும் வானில் வயர் எரிவது விளையாட்டில்லை. உலோகத் தகட்டின் துளையூடாக வயர் போகும் இடமெல்லாம் இறப்பர் வளையம் போடுங்கள். வெறும் ரேப் சுற்றி விட்டுவிட வேண்டாம், வெக்கையில் அது கழன்றுவிடும்.

ரியூப் லைற்றை மாற்றுவது

12 வோல்ற் ரியூப்புக்குப் பின்னால் வோல்ற்றளவை உயர்த்தும் சுற்று ஒன்று இருக்கும். ரியூப்பை மட்டும் கழற்றி அதே முனைகளில் எல்.ஈ.டி கொடுத்தால் அது உடனே எரிந்துபோகும். அந்தச் சுற்றை முழுமையாகக் கழற்றி, அதற்கு வரும் 12 வோல்ற் வயர்களை நேரே எல்.ஈ.டிப் பட்டிக்குக் கொடுக்க வேண்டும். பழைய பெட்டியையும் கண்ணாடி மூடியையும் அப்படியே பாவிக்கலாம். பட்டியைக் குறியிட்ட இடத்தில் மட்டும் வெட்டுங்கள்.

பழைய ரியூப்பை உடைக்கக் கூடாது. உள்ளே சிறிதளவு பாதரசம் இருக்கிறது. பிள்ளைகள் எடுத்து விளையாடும் இடத்தில் போட வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தப் பாதரசத்தின் காரணமாகவே 2023 ஓகஸ்ட்டிலிருந்து இவ்வகை ரியூப்புகள் சந்தைக்கு வருவது நிறுத்தப்பட்டது. அங்கே பழைய கெம்பர் வான் வைத்திருப்பவர்களுக்கு இருப்பு முடிந்தால் வேறு வழியில்லை.

கை வைக்கக் கூடாத இடங்கள்

தலைவிளக்கை விட்டுவிடுங்கள். ஹலோஜன் குமிழுக்காக வடிவமைத்த கிண்ணத்தில் எல்.ஈ.டியைப் போட்டால் வெளிச்சம் விழ வேண்டிய இடத்தில் விழாது. எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். ஏ-32இல் இரவில் மாடு குறுக்கே வரும், விளக்கில்லாத சைக்கிள் வரும். எதிரில் வருபவர் ஒரு விநாடி கண் கூசினால் போதும். பிரித்தானியாவிலும் ஹலோஜன் தலைவிளக்கில் எல்.ஈ.டி மாற்றியிருந்தால் பொதுவாக எம்.ஓ.ரி பரிசோதனையில் தவறும்.

சிக்னல் லைற்றை மாற்றினால் அது வழமையைவிட வேகமாக அடிக்கும். பழைய பிளாஷர், குமிழ் ஒன்று போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறது. அதற்கு எல்.ஈ.டிக்குரிய இலத்திரனியல் பிளாஷர் போட வேண்டும். பிரேக் லைற், சிக்னல் இரண்டும் இரவில் வானுக்குள் இருப்பவருக்குப் பயன்படுவதில்லை, நின்ற வானில் எரிவதுமில்லை. ஆகவே பற்றரிக் கணக்கில் இவற்றை மாற்றி மிச்சப்படுவது ஒன்றும் இல்லை.

இன்னும் ஒரு படி மேலே

வருடத்தில் பல தடவை வானில் இரவு தங்குபவர்கள் இரண்டாவது பற்றரி ஒன்றைப் பற்றி யோசிக்கலாம். எஞ்சின் ஓடும்போது மட்டும் இரண்டையும் இணைக்கும் ரிலே ஒன்று இடையில் இருக்க வேண்டும். நின்றதும் அது பிரித்துவிடும். லைற், விசிறி எல்லாம் இரண்டாவதில். முதலாவது பற்றரி காலையில் ஸ்ராட் பண்ணுவதற்கென்றே தொடாமல் இருக்கும். கூரையில் 50 வாற் சோலார் பனல் ஒன்றும், அதற்குரிய சார்ஜ் கட்டுப்படுத்தியும் போட்டால் மன்னார் வெய்யிலில் எல்.ஈ.டிக்குத் தேவையானது பகலிலேயே திரும்பிவிடும்.

இவ்வளவுக்கும் வசதியில்லாதவர்கள் ஒரு சிறிய வோல்ற்மீற்றர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் நிறுத்திச் சிறிது நேரம் கழித்துப் பாருங்கள். 12.6 என்றால் நிறைவு. 12.2 என்றால் பாதி, அதோடு லைற்றைக் குறையுங்கள். 12க்குக் கீழே என்றால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் படுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும் என்று இல்லை. முதலில் படி விளக்கு, அடுத்தது படுக்கும் பகுதிக் கூரை விளக்கு, பிறகு ரியூப் லைற் என்று கை வசதிக்கேற்பச் செய்யலாம். கழற்றிய இழைக் குமிழ்களில் நல்லதை எறியாமல் டாஷ்போர்ட் பெட்டியில் போட்டு வையுங்கள். வழியில் எல்.ஈ.டி ஒன்று போனால் அதே ஹோல்டரில் அது எரியும். பயணம் புறப்பட ஒரு வாரத்துக்கு முன்னரே மாற்றி, வீட்டு முற்றத்தில் ஒரு இரவு முழுவதும் எரியவிட்டு, காலையில் வானை ஸ்ராட் பண்ணிப் பாருங்கள். அங்கே ஸ்ராட் வந்தால் பாலாவிக் கரையிலும் வரும்.